புள்ளி இல்லாத சீட்டு

ஜன்னலோரம் என் மனைவி ஏழு தொட்டிகளில் தடித்த இலைச் செடிகள் வளர்த்தாள். ஒன்றில் மாவுப்பூச்சி வந்தது. இலை இடுக்கெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை. மூட்டை தூக்கிவிட்டு வந்த கையோடு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். தொட்டியைத் தள்ளி வைத்து, ‘பூச்சி’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். நாற்பது வயதுக்குமேல் எழுதப் பழகியவன் நான். எப்போதும்போல் புள்ளி விட்டுப்போய் ‘பூசசி’ என்றுதான் விழுந்தது.

மறுநாள் காலை, நல்ல செடியொன்றிலும் ‘பூசசி’ என்று சீட்டு.

“ஏங்க, நல்லா இருக்கிற செடிக்கு எதுக்குச் சீட்டு? எழுதத் தெரிஞ்சாலும் தெரிஞ்சுது, கண்ட இடத்துல ஒட்டுறீங்க!”

“நான் ஒட்டலடி! எனக்கு வேற வேலை இல்லையா?”

சாயங்காலம் அந்தச் செடியில் பூச்சி இருந்தது. தினமும் ஒவ்வொரு செடிக்கும் இதே கதைதான். காலையில் சீட்டு, சாயங்காலம் பூச்சி. துடைத்துத் துடைத்து என் விரல் வெந்ததுதான் மிச்சம். ஏழு செடியும் சுருங்கிச் செத்தன.

“விட்டுது சனியன். இனிமே எதுல ஒட்டுவீங்கன்னு பாக்குறேன்” என்று காலித் தொட்டிகளை அள்ளக் குனிந்தாள். அவள் பிடரியில் ஒரு சீட்டு, என் கையெழுத்தில், புள்ளி இல்லாமல்.

“என்னங்க, இந்தத் தொட்டியைக் கொஞ்சம் பிடிங்க” என்றாள்.

அப்போது காலை மணி எட்டு.