தை மாதத்துப் படம்

"எம் பொண்ணு படத்த வெச்சி வெளையாடறியாடா?"

பக்தவச்சலம் போட்ட சத்தத்தில், அவர் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த நான் நின்றுவிட்டேன். எடுக்க வேண்டியது ஒரே பக்கம்தான்.

"சத்தியமா நான் செய்யலீங்க சார். கம்ப்யூட்டர் உள்ள ரெஜிஸ்ட்ரி கெட்டுப்போச்சி, அது நல்லா ஓடின தேதிக்குத் திருப்பினேன்," என்றான் கம்ப்யூட்டர் மெக்கானிக் கதிரவன். அப்படித் திருப்பக் கம்ப்யூட்டர் காட்டியது ஒரே தேதி, வரப்போகும் தை மாதத்தில். அப்போது ஆடி. கடிகாரக் கோளாறு என்று அதையே அழுத்தியிருக்கிறான்.

அழுத்தியதும் வந்த படம்தான் திரை முழுக்க: அவர் மகள் கல்பனா, மாலையும் கழுத்துமாக. பக்கத்தில் யாரோ ஒருவன். அந்தப் படத்திலேயே பின்னால் தலைகுனிந்து கதிரவன்.

"அப்ப உன் போன்ல அவ படம் எப்டி வந்திச்சி?" என்றேன். எனக்கெதற்கு? ஆனாலும் ஒருநாள் அவன் போனை எட்டிப் பார்த்திருந்தேன்.

அவன் முகம் செத்துப்போனது. "போன வாட்டி ரிப்பேருக்கு வந்தப்ப இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துக்கினேன்க்கா. அது தப்புதான்."

ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்காமல் போய்விட்டான். அவன் போனில் கல்பனா படம் இருந்ததை ஊருக்கெல்லாம் நான்தான் சொன்னேன்.

தையில் மலைக்கோயிலில் கல்பனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நகரிக்காரர், கார்த்திகையில் வந்த சம்பந்தம். திரையில் நின்ற அதே முகம். கதிரவன் அதற்குள் பள்ளிப்பட்டுக்குக் குடிபோயிருந்தான். யாரும் பத்திரிகை வைக்கவில்லை, அவனும் வரவில்லை. வந்திருந்தால் என் கண்ணுக்குத் தப்புமா?

ஆல்பத்தை முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். அதே படம். பின்னால் அவன் தலைகுனிந்து நிற்கிறான். இந்த முறை அவன் பக்கத்தில் நானும், தலைகுனிந்து.