முகோயாமாவின் தொப்புள்

“படுங்க, முகோயாமா சான். ரெண்டு தொப்புளும் இருக்கா இல்லையான்னு இன்னிக்குப் பாத்துடுவோம்” என்றார் நிவா.

முகோயாமா கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். ஐம்பத்தேழு வயதில், அருங்காட்சியகத்தின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். நிவா கைவிளக்கோடு பக்கத்தில் படுத்தார். தலைக்கு மேலே அந்தப் போர்க்கால விமானத்தின் வயிறு.

முகோயாமா ஷிசுவோகாவில் பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை வடிவமைப்பவர். இதே விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒட்டிச் சேர்க்கும் கிட்டாக அவர் கொண்டுவந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ரிவெட் வரிசை உட்பட எல்லாம் கச்சிதம். சக்கர மூடியின் உட்புறத்தில் மட்டும் இரண்டு வட்டக் குழிகள்.

பிளாஸ்டிக்கை அச்சிலிருந்து வெளியே தள்ளும் கம்பியின் தடம் அது, மறைவான இடத்தில் வைக்கத் தெரியவில்லை என்று பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர் நிவா. ‘முகோயாமாவின் தொப்புள்’ என்று பெயரும் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கிட்டை வாங்கியவர்கள் முதலில் தொப்புளில் பட்டி பூசித் தேய்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார்கள்.

சென்ற வருடக் கண்காட்சியில் கையெழுத்து வாங்க வந்த ஒருவர், “தொப்புள் முகோயாமா நீங்கதானே?” என்று கேட்டார். வரிசையே சிரித்தது. முகோயாமா மைக்கை எடுத்து, “அது தடம் இல்ல. நிஜ விமானத்துலயே அந்தக் குழி இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

சரிபார்க்க அப்போது உலகில் முழு விமானம் ஒன்றுகூட இல்லை. இப்போது இருந்தது. ககோஷிமா கடலில் மீன் வலையில் சிக்கி மேலே வந்தது. கடல் விட்டுவைத்ததோடு மீதியைச் செய்து சேர்த்து, ஒன்பது வருட வேலைக்குப் பிறகு இந்த மாதம்தான் பார்வைக்கு வைத்தார்கள்.

பந்தயத்தில் தோற்றவர் நிவா எழுதும் பத்திரிகையின் ஜூன் இதழில் அரைப் பக்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆசிரியர் இடம் ஒதுக்கிவிட்டார். இருவரும் அனுமதி வாங்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வந்திருந்தார்கள்.

“என்ன, வேர்க்குது உங்களுக்கு? தரை சில்லுன்னு இருக்கே” என்றார் நிவா. “இங்கேயே ஒத்துக்கிட்டீங்கன்னா அரைப் பக்கத்தைக் கால் பக்கமாக் குறைக்கச் சொல்றேன்.”

“விளக்கைப் பிடிங்க, நிவா சான். வாய்க்கு அப்புறம் வேலை குடுக்கலாம்.”

நிவா சக்கர மூடியின் உட்புறத்தில் வெளிச்சத்தைத் திருப்பினார். முகோயாமா கண்ணை மூடிக்கொண்டார்.

நிவா கைவிளக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

“இருக்கு” என்றார் நிவா.

“என்னது, இருக்கா?”

“தொப்புள். ரெண்டு. அதே இடத்துல.”

முகோயாமா கண்ணைத் திறந்தார். ஆழமில்லாத இரண்டு வட்டக் குழிகள். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார்.

நிவா அளவுகோலை வைத்தார். “பதினாலு புள்ளி நாலு சென்டிமீட்டர். நாப்பத்தெட்டால வகுத்தா...” கைபேசியில் தட்டினார். “மூணு மில்லிமீட்டர். உங்க கிட்ல இருக்கறதும் மூணு. சொச்சமே வரல!”

“தெரிஞ்சுதானே வச்சேன்.” முகோயாமாவின் குரல் முதலில் லேசாக நடுங்கியது. அடுத்த வாக்கியத்தில் தேறிவிட்டது. “பழைய போட்டோ ஒண்ணு. ரொம்ப மங்கல். பழகின கண்ணுக்குத்தான் தெரியும்.”

நிவா எழுந்தார். முதுகுத் தூசியைக்கூடத் தட்டாமல் இடுப்பை மடித்து வணங்கினார். பத்து விநாடி நிமிரவில்லை.

“நான் எழுதினதை நம்பி எத்தனை பேர் அதை அடைச்சுட்டாங்க! நானே எட்டு விமானத்துல அடைச்சிருக்கேன்.” அங்கேயே நின்று ஆசிரியரைக் கைபேசியில் அழைத்தார். “அரைப் பக்கம் போதாது. முழுப் பக்கம் வேணும். ஆமா, நான்தான் தோத்தேன். தலைப்பா? ‘அடைத்ததைத் தோண்டுங்கள்’னு போடுங்க.”

“விடுங்க, நிவா சான். மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்” என்றார் முகோயாமா, கோட்டை மாட்டிக்கொண்டே. “என் போட்டோ மட்டும் நல்லதாப் போடச் சொல்லுங்க.”

“ஆனா இந்தக் குழி எதுக்கு? எடையைக் குறைக்கவா?”

“அதுக்கும்தான். வேற காரணமும் உண்டு.”

அப்போது சாம்பல் நிறச் சீருடையும் நகக்கண்ணில் கிரீஸுமாக ஒரு பெண் வேகமாக வந்தார். விமானத்தைச் சீரமைத்த குழுவின் தலைவி ஹமசாகி. முகோயாமாவின் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்ததும், நிவாவைவிடத் தாழ வணங்கினார்.

“கிட் செஞ்ச முகோயாமா சானா? நீங்க வருவீங்கன்னு யாருமே சொல்லலையே!”

நிவா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். “நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. இந்தக் குழி எதுக்குன்னு நீங்களே சொல்லிடுங்க. மன்னிப்புல எழுதணும்.”

ஹமசாகி மூடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு முகோயாமாவைப் பார்த்தார்.

“அது அவருக்குத்தானே தெரியும்? மூடி ரெண்டும் கடலோட போயிடுச்சு. அவரோட கிட்டைத்தான் நாப்பத்தெட்டு மடங்கு பெருசாக்கிச் செஞ்சோம்!”