நின்றபோது சொன்னது

மாத்திரைக் கிண்ணத்தோடு வந்த நர்ஸ் இசைவாணியைத் தலைமை நர்ஸ் செந்தாமரை பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"புது மிஷின் எங்கடி? பேஷண்ட் கைப்பட்டையை ஸ்கேன் பண்ணாம மாத்திரை குடுப்பியா?"

போன வாரம் ஒரகடம் ஆஸ்பத்திரிக்கு அந்த மிஷின் வந்து இறங்கியதும் பெரிய டாக்டரிடமே மல்லுக்கு நின்ற வாயாயிற்றே இது!

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க? 'ஸ்கேன் பண்றதுக்கு மனுசன் இன்னா கார் பார்ட்டா? மூஞ்சப் பாத்தாலே எந்த மாத்திரைன்னு தெரியாதா'ன்னு?"

"சொன்னேன். இப்ப போய் எடுத்துக்கினு வா."

இசைவாணி முணுமுணுத்துக்கொண்டே மிஷினோடு திரும்பினாள்.

"ஒரே வாரத்துல இன்னா சிஸ்டர் இப்படி மாறிட்டீங்க?"

குடல்வால் ஆபரேஷன் வலியில் முனகியபடி, கட்டிலிலிருந்து தன் கைப்பட்டையை நீட்டினார் செந்தாமரை.

"போன வாரம் நின்னுக்கினு சொன்னேன்டி. இப்ப படுத்துக்கினு கீறேன்."