பரம்பரைக் கசாயம்

இரண்டு நாளாகச் சிறுநீர் பிரியாமல், கால் வீங்கிப்போய்ப் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் கந்தர்வக்கோட்டை ஆத்மநாதன்.

“திடீர்னு கிட்னி பாதிச்சிருக்கு. மூட்டுவலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்றார் டாக்டர்.

“எங்க வம்சத்துல மாத்திரை முழுங்குனவன் எவனும் கிடையாதுங்க. பரம்பரை முடக்கத்தான் கசாயம் ஒண்ணுதான்.” படுத்தபடியே மீசையை முறுக்கினார்.

“அப்ப அந்தக் கசாயந்தான் காரணமா இருக்கணும்.”

வம்சப் பெருமையைவிடப் புருஷன் உயிர் பெரிது என்று துணிந்து வாயைத் திறந்தாள் சொர்ணவல்லி.

“கசாயத்து மேல தப்பில்லைங்க. அதுல இவுக வலி கொறையவே இல்ல. குடும்பப் பேரு கெட்டுறக் கூடாதேன்னு, ஆறு மாசமா வலி மாத்திரையப் பொடிச்சு நாந்தான் அதுல கலந்தேன். நான் பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆத்மநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அழுவாத சொர்ணம். அதை நான் குடிச்சாத்தானே? கசப்பு தாங்காம, காலையில நடக்கப் போறப்ப பிளாஸ்க்கோட சம்பந்திகிட்ட குடுத்துருவேன். எனக்குக் கடை மாத்திரைதான்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அப்போது ஆரஞ்சுப் பழப் பையுடன், செருப்புக்குள் அடங்காத கால்களை இழுத்து இழுத்து உள்ளே வந்தார் சம்பந்தி வீரய்யா.

“என்ன சம்பந்தி, நீங்களே படுத்துட்டீங்க? ஒங்க பரம்பரைக் கசாயம் மாதிரி வருமா! மூட்டுவலி போன எடம் தெரியல. என்ன, ரெண்டு நாளா ஒண்ணுக்குத்தான் போக மாட்டேங்குது.”