திங்கட்கிழமைக்குள் ஒரு தொட்டி

கல்லூரியிலிருந்து வந்த ஒந்தீனா டீச்சர், உட்கார நாற்காலி இல்லாததால் விற்பனைக்கு வைத்திருந்த குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“சொல்லும்மா இவனில்டா. இத்தனை நாள் பயிற்சியில என்ன கத்துக்கிட்ட?”

கடை முதலாளி அபீலியு பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இவனில்டா கையிலிருந்த துடைக்கும் துணியை நாலாக மடித்தாள்.

விற்பனைப் படிப்பு, இரண்டே வருடம். கடைசி அரையாண்டு முழுக்கக் கடையில் பயிற்சி. பிரகான்சா ஊர்க்கோடியிலிருந்த இந்தக் குளியலறைச் சாமான் கடையில் அவள் இதுவரை ஒரு குழாய்கூட விற்றதில்லை. யாரும் உட்காராத கக்கூஸ்களைத் தினமும் துடைத்தாள். வாடிக்கையாளர் வந்தால் பின்னறைக்குப் போய்விட வேண்டும், அது முதலாளி உத்தரவு.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இங்கே வேலை கிடைக்காது. மாதக் கடைசியில் படிப்பு முடிந்ததும் சொந்த ஊரான மிந்தேலுவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அங்கே அம்மா, ‘என் மகள் போர்ச்சுகலில் வியாபாரத்தில் புலி’ என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

“நிறைய கத்துக்கிட்டேன் டீச்சர்,” என்றது புலி.

டீச்சர் அவளைப் பார்த்தார். அபீலியுவைப் பார்த்தார். பிறகு தொட்டியைத் தட்டினார்.

“இது என்ன விலை?”

அபீலியு வாயைத் திறந்தார்.

“உங்களைக் கேக்கல சார், இவளைக் கேட்டேன்,” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான், பின்னறையிலிருந்து கேட்டுக் கேட்டு அடைபட்டிருந்ததெல்லாம் கொட்டியது. விலை, நீளம், தண்ணீர் எவ்வளவு நேரம் சூடு ஆறாமல் நிற்கும், இந்த ஊர்க் குளிரில் முட்டிவலிக்கு எவ்வளவு இதம். முட்டி என்றதும் டீச்சரின் கை தானாகத் தன் முட்டிக்குப் போனது. அதைப் பார்த்து இவனில்டா இன்னும் ஐந்து நிமிடம் முட்டியைப் பற்றியே பேசினாள்.

“எடுத்து வைங்க. திங்கட்கிழமை வந்து பணம் கட்டுறேன்.”

அபீலியு தொண்டையைச் செருமினார். “இந்தப் பொண்ணு படிப்பு முடிஞ்சும் இங்கயே இருக்கட்டும் டீச்சர். இவகிட்ட ஒரு திறமை இருக்குன்னு நான் அப்பவே கவனிச்சேன்.”

வழியனுப்ப வாசல்வரை போனவளின் காதோடு டீச்சர் சொன்னார்:

“எங்க வீட்டுக் குளியலறையில திரும்பி நிக்கவே இடமில்லடி. திங்கட்கிழமைக்குள்ள அந்தத் தொட்டியை வேற யார் தலையிலயாவது கட்டிடு.”

அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை கடை அரைநாள்தான், ஞாயிறு விடுமுறை.