கம்ப்யூட்டரைச் சரி செய்தவர்

பென்டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. சாம்பிள் பனியன்களின் படமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. முதலாளி திரும்புவதற்குள், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போகாவிட்டால், ஜோதிகா ஆபீஸ் வேலை போய் பழையபடி பனியன் செக்கிங் டேபிள் முன்னால் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான்.

சுவரில் கிறுக்கியிருந்த சர்வீஸ்காரர் எண்ணைப் பார்த்து செல்போனில் அழுத்தினாள். எடுத்ததுமே அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, பென்டிரைவைச் சொருகுனா கம்ப்யூட்டர்ல வரவே மாட்டேங்குது. என் வேலை போயிரும்ணே!"

அந்தப் பக்கம் தடதடவென்று ஒரே இரைச்சல். "இருங்க அம்மணி" என்றது ஓர் ஆண்குரல். இரைச்சல் நின்றது.

"அழுவாதீங்க. மொதல்ல எல்லாத்தையும் அமத்திப்போடுங்க. சொருகற பொந்துல பஞ்சு அடைச்சிருக்குதா பாருங்க."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊக்கால் நோண்டினாள். பஞ்சு திரியாக வந்தது.

"நல்லா ஊதிப்போட்டு, நேரா சொருகி, மறுக்கா ஓட்டிப் பாருங்க."

கம்ப்யூட்டர் உயிர்பெறும்வரை அவர் போனை வைக்கவேயில்லை. படங்கள் வந்தன. மெயிலும் போனது.

"குலதெய்வம்ணே நீங்க! சாயங்காலம் வந்து சர்வீஸ் சார்ஜ் வாங்கிட்டுப் போங்க."

"சார்ஜெல்லாம் எதுக்குங்க? நான் சோமனூர்ல கூலிக்குத் தறி ஓட்டறவனுங்க. நீங்க நம்பர மாத்திப் போட்டுட்டீங்க. தறி நின்னா இப்படித்தான் பண்ணுவோம். கம்ப்யூட்டர நான் தொட்டதுகூட இல்லீங்க."

ஜோதிகா சுவரிலிருந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். "ராங் நம்பர்னு அப்பவே சொல்லிட்டு வச்சிருக்கலாமேண்ணே?"

"அழுவற புள்ளகிட்ட எப்படிங்க அதச் சொல்றது? சேரி, வெச்சிடட்டுங்களா? நீங்க பேசறது கேக்கோணும்னு நிறுத்துன தறி இன்னும் அப்படியே நிக்குதுங்க."