‘இ’ வரிசை

தண்ணீர் ஊற்றும் அண்ணன் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் விழுங்கினார். உதட்டோரத்தில் பச்சை.

ஆய்வின் தொண்ணூற்றிரண்டாம் நாள். கண்ணாடிக் கூடத்தில் நாலு வரிசைச் சிறுகுறிஞ்சான் கொடிகள், வரிசைக்குப் பத்துத் தொட்டி. அ, ஆ, இ, ஈ.

மூன்று வரிசைக்கு வெள்ளித் துகள் கலந்த கரைசல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு. தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அதைவிடச் சிறிய துகள். மிச்சமிருக்கும் ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர்.

எந்த வரிசைக்கு எது என்று தெளிக்கிற எனக்கே தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். பக்கத்து ஆய்வகத் தோழி பழுப்புப் புட்டிகளில் கலந்து, எழுத்தை மட்டும் ஒட்டித் தந்தாள். விவரம் ஓர் உறைக்குள். ஒட்டிய இடத்தில் குறுக்கே பேராசிரியரின் கையெழுத்து. நூற்றிருபதாம் நாளுக்கு முன் அது பிரிந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

“அண்ணே, அந்த இலையையா மென்னீங்க?”

“கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்கதானே சொன்னீங்க, சர்க்கரைக்கு மருந்துன்னு. தினம் நாலு. மென்னுட்டு டீ குடிச்சா, அதுல சர்க்கரை இருக்கா, இல்ல வீட்டுக்காரி மறந்துட்டாளான்னே தெரியல.”

அவரே சிரித்துக்கொண்டார்.

நான்தான் சொன்னேன். முதல் நாள், தொட்டிகளை இறக்கும்போது, பெருமையாக. புட்டியில் என்ன என்று அவர் கேட்டதற்கு, உரம் மாதிரி என்று சொல்லி வைத்தேன்.

எந்த வரிசை என்று கேட்டேன். ‘இ’யைக் காட்டினார். கதவுக்குப் பக்கம் அதுதான். அங்கே நின்றால் நான் வருவது முன்னாலேயே தெரிந்துவிடும்.

கூடத்திலேயே அடர்ந்த வரிசை அது. மற்றவை ஒற்றைத் தண்டாக ஏறிக்கொண்டிருக்க, இது கிளைக்குமேல் கிளை விட்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், வெள்ளி வேலை செய்கிறது என்று. பேராசிரியர் அதை வைத்து மாநாட்டுக்கு ஒரு பக்கம் எழுதியே அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம். தினம் நாலு இலை.

இலைக்குள் எவ்வளவு வெள்ளி ஏறும், மனித ஈரலில் அது என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. யாராவது ஆராய வேண்டும். இவர் தன் உடம்பிலேயே ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இன்னும் இருபத்தெட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆய்வு பிழைத்துவிடும்.

மேஜை இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தேன்.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தா வாயாலயே சொல்லிடுங்க மேடம். நாலு இலைக்கு லெட்டர் எல்லாம் எதுக்கு?”

கையெழுத்தின் நடுவே கிழித்தேன்.

அ, இருபத்தைந்து. ஆ, நூறு.

இ, தண்ணீர்.

இன்னொரு முறை படித்தேன். தண்ணீர். வயிற்றில் பால் வார்த்தாள் தோழி.

கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தேன். அவர் பயந்துபோய்க் குழாயை மூடினார்.

“ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் இருக்கீங்க. நல்லாவே இருப்பீங்க.”

“அதுக்கு எதுக்கு மேடம் அழறீங்க?”

அழவில்லை என்றேன். சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. வெறும் தண்ணீருக்கு எப்படி இத்தனை கிளை?

எப்படிப் பறிப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். தயங்கினார். பிறகு கொடியின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கொழுந்தோடு கிள்ளினார். அத்தனை மென்மையாக. முற்றிய இலையைப் பல் தாங்காதாம். ஒரு நாளைக்கு ஒரு தொட்டியாம், செடிக்கு வலிக்கக்கூடாதாம்.

நுனி போனால் கொடி பக்கத்தில் கிளைக்கும். பள்ளிக்கூடத்துப் பாடம்.

நோட்டைப் புரட்டினேன். ‘இ’ வரிசை, கிளை எண்ணிக்கை. தொண்ணூற்றிரண்டு நாள், ஒரு நாள்கூடப் பிசகாமல், என் கையெழுத்தில்.

மூன்று மாதமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது அவர் விரல்களை.